ஏழுமலை எரிக்காத எஞ்சின்

போன வியாழக்கிழமை காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது சட்டைப் பையில் செல்போன் அடித்தது. எங்கள் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்ற விஜயா அம்மா. எப்போதும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று அதைக் கேட்கவில்லை. "சார், நம்ம டிரைவர் ஏழுமலை போயிட்டாரு. விடியக்காலைல நெஞ்சு வலின்னாராம். ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறதுக்குள்ளயே முடிஞ்சிடுச்சி. சாயங்காலம் எடுக்கறாங்களாம்" என்றார்.

முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு. அது வெளியே வந்த பிறகுதான் எதற்காக வந்தது என்று எனக்கே உறைத்தது. பால் பாக்கெட்டோடு யார் வீட்டுப் படியிலோ உட்கார்ந்துவிட்டேன். ஏழுமலைக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. அரசாங்க ஜீப்பின் எஞ்சினை அஜாக்கிரதையால் எரித்தவர் என்று. உங்களில் பலர் அவரை அந்தப் பெயரோடுதான் அறிவீர்கள். அந்தப் பெயர் உண்மையில் யாருக்குப் போய்ச் சேர வேண்டியது என்று முழுக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார். மற்றவன் நான்.

பதினாறாம் நாள் படத்திறப்பில் வாசிப்பதற்காக அப்பாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அவர் மகன் பிரபு கேட்டிருக்கிறார். இரண்டு பக்கத்தில் அடங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கோப்புகளோடு காலம் தள்ளிய ஆள். எதையும் சுற்றி வளைத்து, யார் தலையிலும் விழாதபடி எழுதியே பழகிவிட்டேன். இன்று அப்படி எழுதப் போவதில்லை.

திருவண்ணாமலை தனி மாவட்டமான 1989-இல் எங்கள் அலுவலகம் ஊருக்குள் ஒரு வாடகைக் கட்டிடத்தில் தொடங்கியது. நாற்காலிகள் வந்துவிட்டன, மேசைகள் வரவில்லை. மடியில் கோப்பை வைத்து எழுதிய நாட்கள் அவை. மாவட்டம் பிரிந்த பாகப்பிரிவினையில் எங்கள் பங்குக்கு ஒரு கிழட்டு டீசல் ஜீப் வந்தது. அதை ஓட்டிக்கொண்டு ஏழுமலை வந்தார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடும் குடும்பம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வாகனக் கோப்பு என் பிரிவில் இருந்ததால் அவருக்கு டீசலுக்கும் டயருக்கும் நான்தான் எழுத வேண்டும். அதனால் அவருக்கு நான் 'சார்'. எனக்கு அவர் 'வாங்க ஏழுமலை'. வெற்றிலை போடாதவர், சத்தமாகப் பேசாதவர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு கிழிந்த பனியன் துணி வைத்திருப்பவர்.

அந்த ஜீப் செங்கம் போய் வருவதற்குள் இரண்டு தடவை கொதிக்கும். பட்டறையில் காட்டினால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். எங்கள் அலுவலக அதிகாரியும் சரி என்று சொல்லிவிட்டார். நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது ஏழுமலை வந்து மேசைப் பக்கத்தில், அதாவது மேசை இருக்க வேண்டிய இடத்துப் பக்கத்தில் நின்றார். "எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் வந்து பாருங்க சார்" என்றார். போனேன். ரேடியேட்டருக்கு மேலே போகும் குழாயைத் தொடச் சொன்னார். கை சுட்டது. கீழே இருக்கும் குழாயைத் தொடச் சொன்னார். அது பச்சைத் தண்ணீர் போல் குளிர்ந்திருந்தது. "மேல நெருப்பா இருக்குது, கீழ சில்லுனு இருக்குது. நடுவுல தண்ணி எறங்கல. அடைச்சிக்கினு இருக்குது. எஞ்சின் மேல தப்பு இல்ல சார்."

அன்று அவர் சொன்ன இன்னொன்றை என்னால் மறக்க முடியவில்லை, மறக்க முயன்றும். "சூடாவற வண்டியாண்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும் சார். ஓடறப்ப சூடாவறியா, நின்னப்ப சூடாவறியான்னு. ஓடறப்ப சூடானா தண்ணி பக்கம் பாக்கணும். நின்னப்பவும் ஊர்றப்பவும் சூடானா காத்து பக்கம் பாக்கணும். ரெண்டும் சரியா இருந்தாத்தான் எஞ்சின சந்தேகப்படணும்." ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே இருந்த சிறு குழாய்களில் சுண்ணாம்பு பூசியது போல் உப்பு படிந்திருந்தது. வருஷக்கணக்காக போர் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்கள். கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து மாட்டியதும் ஜீப் ஒழுங்காக ஓடியது. அதற்குப் பிறகு ஏழுமலை தன் ஊர்க் கிணற்றிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவந்து பின் சீட்டுக்கு அடியில் வைத்திருப்பார். அதைக் குடிக்கக்கூட யாருக்கும் தர மாட்டார். நாங்கள் அவரைக் கிண்டல் செய்வோம்.

இன்னொரு நாள் நானும் அவரும் செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். ஓரமாக ஒரு அம்பாசிடர் புகை கக்கிக்கொண்டு நின்றது. உள்ளே வெளிநாட்டுக்காரர்கள் நாலு பேர். அந்த டிரைவர் பதற்றத்தில் துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனான். ஏழுமலை ஜீப்பை நிறுத்தியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். ஆனால் மூடி பாதி திரும்பியிருந்தது. பீறிட்ட கொதிநீர் ஏழுமலையின் முழங்கையில் பட்டுத் தோல் உரிந்துவிட்டது. வலியைக் காட்டிக்கொள்ளாமல் அவனைப் பார்த்து, "பத்து நிமிஷம் சும்மா நில்லுப்பா. சும்மா நிக்கறதும் வேலதான்" என்றார். வெளிநாட்டுக்காரர்கள் அதை என்ன புரிந்துகொண்டார்களோ, புளியமரத்தடியில் வரிசையாகச் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தோம், அவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

அது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகை தீபம். திருவிழா வேலைக்குப் போகும் அரசு வண்டிகளைப் போலீஸ் தடுப்பில் நிறுத்தக் கூடாது என்பதற்காக வண்டியின் முன்னால் பலகை கட்டுவது வழக்கம். மற்ற அலுவலகங்களில் அட்டையில் எழுதிக் கண்ணாடிக்குள் ஒட்டுவார்கள். எனக்கு அது போதவில்லை. எனக்கு எழுத்து நன்றாக வரும் என்று ஒரு கர்வம் உண்டு. தகரத் தட்டு வாங்கி, மஞ்சள் பூசி, சிவப்பில் 'தீபத் திருவிழா அவசரப் பணி' என்று என் கையாலேயே எழுதினேன். மூன்று அடி அகலம். அதைக் கொண்டுபோய் ஜீப்பின் முன்பக்கம், ரேடியேட்டருக்குக் காற்று போகும் திறப்பின் மேல், கட்டுக்கம்பி போட்டு இறுக்கிக் கட்டினேன். தள்ளி நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

ஏழுமலை வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சார், மூக்க மூடிட்டீங்களே. கூட்டத்துல ஊர்ந்துதான் போவணும். காத்து வேணும் சார். கூரை மேல கட்டிக்கலாம், நானே கட்டித் தரேன்." கூரை மேல் கட்டினால் யார் கண்ணிலும் படாது என்றேன். அவர் மறுபடியும் சொன்னார். அங்கே விஜயா அம்மாவும் இன்னும் சிலரும் நின்று என் எழுத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் ஒரு டிரைவர் எனக்குச் சொல்லிக் கொடுப்பதா என்று எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நீ வண்டிய ஓட்டு. இத நான் பாத்துக்கறேன்" என்றேன். அதுவரை அவரை நான் 'நீ' என்று சொன்னதில்லை. அவர் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

மதியத்துக்கு மேல் அதிகாரி வந்தார். கூடவே அவர் மனைவி, மைத்துனர், மைத்துனர் வீட்டார். திருவிழாப் பணி என்று எழுதிய வண்டியில் அவர்கள் கிரிவலம் வருகிறார்கள். பின்னால் ஒடுங்கி நானும் உட்கார்ந்தேன். கிரிவலப் பாதையில் ஜனம் நெரிந்தது. முதல் கியரில் ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தோம். கால் மணி நேரத்தில் சூடு காட்டும் முள் ஏற ஆரம்பித்தது. ஏழுமலை கண்ணாடி வழியாக என்னைத்தான் பார்த்தார். பிறகு அதிகாரியிடம், "அய்யா, ஓரங்கட்டிப் பத்து நிமிஷம் நிறுத்திடுவோம். அந்தப் பலகைய அவுத்துட்டாப் போதும்" என்றார். "அவுத்தா போலீஸ்காரன் உள்ள வுடுவானா? தீபத்துக்குள்ள போய்ச் சேரணும், ஓட்டு" என்றார் அதிகாரி. ஒரு இடத்தில் கூட்டம் நின்றபோது ஏழுமலை கேட்காமலேயே இறங்கி முன்பக்கம் போய்க் கம்பியைத் திருகினார். அதிகாரி கத்தினார். ஏழுமலை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அவர் சொல்வது சரிதான் அய்யா என்ற ஒரு வார்த்தை. நான் குனிந்து கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருவிழாவில் எதற்குக் கோப்பு எடுத்துப் போனேன் என்று எனக்கே தெரியாது.

அடி அண்ணாமலையைத் தாண்டுவதற்குள் ஆவி கிளம்பிவிட்டது. எஞ்சின் ஒரு மாதிரி முனகியது. ஏழுமலை சாவியைத் திருப்பி அணைத்து, இறங்கி, யாரும் கிட்டே வரக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, தானாக ஆற வேண்டும் என்றார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அந்த மைத்துனர் பக்கத்துத் தண்ணீர்ப் பந்தலில் இருந்து ஒரு குடத்தைத் தூக்கி வந்து, ஏழுமலை இந்தப் பக்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பக்கமாகக் கொதிக்கும் எஞ்சின் தலையில் கொட்டிவிட்டார். டப்பென்று ஒரு சத்தம். இரும்பு வெடித்தது. ஏழுமலை திரும்பிப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போனது.

அதிகாரி வீட்டார் நடந்தே போய்விட்டார்கள். நானும் ஏழுமலையும் வண்டியோடு நின்றோம். ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் தெரிந்தது. சுற்றிலும் அரோகரா என்று எழுந்த குரலில் காது அடைத்தது. ஏழுமலை கை கூப்பிக் கும்பிட்டார். பிறகு லேசாகத் தூறல் விழ ஆரம்பித்ததும் முன்னால் போய்க் கம்பியை அவிழ்த்துப் பலகையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "உள்ள வைங்க சார். பெயிண்டு காயல, எழுத்து அழிஞ்சிடும்" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. குத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நாலு நாள் கழித்து அதிகாரி என்னைக் கூப்பிட்டார். தன் உறவுக்காரர்கள் வண்டியில் இருந்தது வெளியே வரக் கூடாது என்பது அவர் கவலை. பலகை வெளியே வரக் கூடாது என்பது என் கவலை. இரண்டு பேரும் அதைப் பேசிக்கொள்ளவே இல்லை, ஆனால் குறிப்பு தானாக எழுதிக்கொண்டது போல் வந்துவிட்டது. 'வாகனத்தை எடுக்கும் முன் ரேடியேட்டரில் நீர் உள்ளதா எனச் சரிபார்க்கத் தவறியதற்கு' விளக்கம் கேட்டு ஏழுமலைக்கு ஒரு மெமோ. வரைவு என்னுடையது. தண்ணீர் விஷயத்தில் அந்த மனிதரைக் குற்றம் சொல்லி நானே எழுதினேன். ஊர்ந்து போகும்போது சூடானால் காற்றைப் பார்க்க வேண்டும் என்று அந்த அலுவலகத்தில் அவரைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

மறுநாள் ஏழுமலை அந்த மெமோவை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்தார். "சார், பதில நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. எனக்கு இந்த பாஷ வராது" என்றார். கேள்வியும் நான், பதிலும் நான். "பலகை கட்டியிருந்தத எழுதிடுங்க சார், அய்யா நிறுத்த வேணாம்னதயும்" என்றார். அதை எழுதினால் அதிகாரி மேல் புகார் சொன்னது போல் ஆகிவிடும், அவர் இன்னும் கடுமையாகிவிடுவார், தவறு நடந்துவிட்டது மன்னிக்கவும் என்று எழுதினால் எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்றேன். அப்போது அதை நானும் பாதி நம்பினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பாதியை நம்பியதே என் வசதிக்காகத்தான். எழுதினேன். அவர் உதட்டை அசைத்து மெல்லப் படித்தார். 'தண்ணீர் சரிபார்க்க மறந்துவிட்டேன்' என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தி, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். பேனா கேட்டார். கையெழுத்துப் போட்டார்.

எச்சரிக்கையோடு விடவில்லை. வண்டியை விட்டே இறக்கிவிட்டார்கள். புது ஜீப் வந்தபோது வேறு ஆளைப் போட்டார்கள். ஏழுமலைக்குத் தபால் வேலை. அலுவலகம் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்கு மாறிய பிறகும் சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு துறை துறையாகப் போய்க் கடிதம் கொடுத்துவிட்டு வருவார். வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கு அதுதான் மிஞ்சிய உத்தியோகம். ஆனாலும் அந்த வளாகத்தில் எந்த ஜீப் கொதித்தாலும் டிரைவர்கள் அவரைத் தேடி வருவார்கள். வண்டியைத் தொட மாட்டார். நின்றபோதா, ஓடும்போதா என்று கேட்பார். போய் இதைப் பார், அதைப் பார் என்பார். அது சரியாக இருக்கும். புதிதாக வந்தவர்கள் மட்டும் அவர் அந்தப் பக்கம் போனதும், "இவருதான் ஜீப்ப எரிச்சவராமே" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி என் காதில் விழும்போதெல்லாம் எனக்கு எங்காவது அவசர வேலை வந்துவிடும்.

அவர் ஓய்வு பெற்று இரண்டு மூன்று வருஷம் ஆன பிறகு நான் பழைய மாருதி ஒன்று வாங்கியிருந்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் கீழ்பென்னாத்தூர் கடைத்தெரு நெரிசலில் அது கொதித்தது. வேறு யாரைக் கூப்பிடுவது? மொபெட்டில் வந்து சேர்ந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. "நின்னப்பவா சார், ஓடறப்பவா?" என்றார். நின்னப்ப என்றேன். அடியில் குனிந்து பார்த்தவர் சிரித்தார். ரேடியேட்டர் ஃபேனுக்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தது. ஒட்டுப் போட்டதும் ஃபேன் சுற்றியது. எஞ்சின் ஆறட்டும் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். என்ன தோன்றியதோ, பன்னிரண்டு வருஷமாக வராத வார்த்தை வந்துவிட்டது. அன்று எரிந்தது என் பலகையால்தான், உங்கள் பதிலையும் வேண்டுமென்றே அப்படி எழுதினேன் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

"தெரியும் சார். படிச்சப்பவே தெரியும்" என்றார்.

"அப்பறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"அந்த ஆபீஸ்ல எனக்குன்னு பேசறதுக்கு நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க. உங்களயும் வுட்டுட்டு நான் எங்க போவேன்?" டீ டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அப்ப சொல்லியிருந்தா எனக்கு ஒதவி சார். இப்ப சொல்றது உங்களுக்குத்தான் ஒதவி."

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "ஆபீஸுக்கு ஒண்ணும் எழுத வேணாம். எம் புள்ள பிரபு இருக்கானே, பாலிடெக்னிக் படிச்சி கார் கம்பெனில வேல செய்யறான். வண்டிய பத்தி நான் எதனா சொன்னா, நீ சும்மா இருப்பா, தண்ணி பாக்காம ஜீப்ப எரிச்ச ஆளுதானங்கறான். தமாசுக்குத்தான் சொல்றான். எனக்கு அது ஜாஸ்தியா இருக்குது சார். நான் சொன்னா சாக்கு சொல்றேன்னுவான். நீங்க ஒரு காயிதம் எழுதிக் குடுங்க. அவன் ஒருத்தன் படிச்சாப் போதும்." அந்த வாரமே எழுதித் தருகிறேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன்.

தரவில்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது, எழுத்தில் கொடுத்தால் எங்காவது போய் நிற்குமோ என்று பயந்தேன். ஓய்வு பெற்ற பிறகு பயத்துக்குக் காரணம் இல்லை, வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்து எழுதத்தான் செய்தேன். முதல் வரியில் ஏழுமலையின் நேர்மையைப் புகழ்வேன், இரண்டாவது வரியில் திருவிழா நெரிசலை விவரிப்பேன், மூன்றாவது வரியில் பேனா நின்றுவிடும். மடித்து அலமாரியில் வைத்துவிடுவேன். அவர் ஒரே ஒரு தடவைதான் ஞாபகப்படுத்தினார். பஸ் நிலையத்தில் பார்த்தபோது, "வேல ஜாஸ்தியா சார்?" என்றார். ஆமாம் என்றேன். ஓய்வு பெற்றவனுக்கு என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கீழ்பென்னாத்தூர் போனேன். வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். முழங்கையில் அந்தக் கொதிநீர்த் தழும்பு தெரிந்தது. பிரபு என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அழுதுகொண்டே, "சார், அப்பா உங்கள பத்திப் பேசாத நாளே இல்ல. அந்த ஜீப் கேஸ்ல வேலையே போயிருக்கும், சார்தான் பதில் எழுதிக் குடுத்துக் காப்பாத்தினாருன்னு எப்பவும் சொல்லுவாரு" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏழுமலையின் மனைவி என்னைப் பார்த்துக் கை கூப்பினார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பிணத்தின் முன்னால், அத்தனை பேர் முன்னால், நானும் கை கூப்பிக்கொண்டு நின்றேன். அடுத்து பிரபு, படத்திறப்புக்கு நாலு வார்த்தை நீங்கதான் சார் எழுதணும் என்றார்.

எழுதிவிட்டேன், பிரபு. இது உங்களுக்கு. உங்கள் அப்பா தண்ணீர் பார்க்காமல் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. அந்த ஜீப்பின் காற்றை அடைத்தது நான் கட்டிய பலகை. வேண்டாம் என்று காலையிலேயே சொன்னார், நான் அவரை அதட்டினேன். நிறுத்தச் சொன்னார், நிறுத்த விடவில்லை. தண்ணீர் ஊற்றாதே என்றார், ஊற்றினார்கள். மறந்துவிட்டேன் என்று அவர் கையெழுத்துப் போட்ட வரி என்னுடைய பொய். அந்தக் காலத்தில் சூடான ஒரு வண்டியை அவரைவிடச் சரியாகப் படித்தவர் இந்த மாவட்டத்தில் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் அவரைக் கிண்டல் செய்தது உங்கள் குற்றம் இல்லை, உங்களுக்கு அப்படிச் சொல்லி வைத்தவன் நான்.

நண்பர்களே, போனவர்களிடமிருந்து நமக்கு என்ன மிஞ்சியது என்று சொல்லித்தான் இப்படிப்பட்ட பேச்சை முடிப்பார்கள். ஏழுமலையுடையது என்று என்னிடம் இருந்தது ஒன்றுதான். அவர் வீட்டில் எனக்கு இருந்த நல்ல பெயர். அது என்னுடையது இல்லை. தன் நல்ல பெயரை எடுத்து, அது என்னுடையது என்று தன் பெண்டாட்டி பிள்ளையிடம் சொல்லிக் கொடுத்துவைத்திருந்தார். இத்தனை வருஷம் அதை அனுபவித்தேன். இனிமேல் அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை, அவரிடமே திருப்பித் தருகிறேன். பிரபு, இதை வாசித்து முடித்ததும் நீங்கள் என்னை வீட்டுக்குள் சேர்க்காவிட்டால் அது நியாயம்தான். ஒன்று மட்டும் செய்யுங்கள். கூட்டம் கலைந்த பிறகு உங்கள் அம்மாவை உட்கார வைத்து, இதை அவருக்கு இன்னொரு முறை மெதுவாகப் படித்துக் காட்டுங்கள்.